எட்டாவது ஆளைக் கெடுப்பது யார்?

"அவன் எதுக்குடா டீம்ல இருக்கான்? சும்மா நிக்கிறான்!"

பாஸ்கெட்பால் மேட்ச் நடக்கிற எந்த கிரவுண்டிலும் இரண்டாவது குவார்ட்டர் முடிவதற்குள் இந்த வசனம் காதில் விழுந்துவிடும். மதுரவாயலில் ஆரம்பித்து வேலப்பன்சாவடி தாண்டி பூந்தமல்லி வரைக்கும் ஹைரோட்டின் இரண்டு பக்கமும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பல் மருத்துவம், மருத்துவம், இன்ஜினியரிங், ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் எல்லாம் உண்டு. இன்டர் காலேஜ் மேட்ச் நடக்கும் ஒரு சாயங்காலம் இதில் ஏதாவது ஒரு கோர்ட் பக்கம் போய் நின்று பாருங்கள். ஸ்டார் பிளேயர் பந்தைத் தொட்டால் விசில் பறக்கும். 'சும்மா நிக்கிறவன்' பந்தை வாங்கினால் கூட்டம் உச்சுக் கொட்டும். அவன் ஒரு ஷாட்டைத் தவறவிட்டால் போச்சு, அடுத்த நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் அமெரிக்காவில் ரோல் பிளேயர் என்கிறார்கள். நம் ஊர் கணக்கில் எட்டாவது ஆள் என்று வைத்துக்கொள்வோம். அவன் சோபிக்கவில்லை என்றால் எல்லோரும் அவனைத்தான் திட்டுகிறார்கள். பெஞ்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற கோச்சை யாரும் கேட்பதில்லை. இது அநியாயம். எட்டாவது ஆள் ஒரு டீமுக்கு எவ்வளவு பயன்படுகிறான் என்பதில் பாதிக்கு மேல் கோச்சின் கையில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. (பி.காம். மக்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.)

ஒரு மேட்ச் என்பது பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிடம். கோர்ட்டில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆக ஒரு கோச் கையில் பங்கு போட இருப்பது 200 நிமிடம். டீமில் 12 பேர். முதல் ஐந்து பேருக்குத் தலா 32 நிமிடம் கொடுத்தால் 160 போய்விடும். மீதி 40 நிமிடத்தை ஏழு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆறு நிமிடம்கூட வராது. அதுவும் ஒரே தவணையில் கிடைக்காது.

24 செகண்டுக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால், ஆறு நிமிடத்தில் ஒரு டீமுக்கு சுமார் பத்துப் பன்னிரண்டு முறை பந்து கிடைக்கும். அதை ஐந்து பேர் பகிர வேண்டும், பெரும்பாலும் ஸ்டார் கைக்குத்தான் போகும். எட்டாவது ஆளுக்கு இரண்டு ஷாட் கிடைத்தால் பெரிய விஷயம். இரண்டும் உள்ளே போனால் அவன் 100 சதவீதம், இரண்டும் வெளியே போனால் பூஜ்யம். இரண்டே இரண்டு ஷாட்டை வைத்து ஒருவனை எடைபோடுவது சரியா என்று ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் கேட்டால், சாம்பிள் போதாது என்று முதல் வருஷ மாணவனே எழுதிவிடுவான். கிரவுண்டில் மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அடுத்தது ஸ்கோர் ஷீட். அதிகாரப்பூர்வமான ஃபீபா ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் எத்தனை பாயின்ட், யார் எத்தனை ஃபவுல், எப்போது டைம் அவுட் எடுத்தார்கள், முக்கியமாக இவ்வளவுதான் அதில் இருக்கும். ரீபவுண்டுக்குக் கட்டம் இல்லை. பாஸுக்கு இல்லை. எதிராளி ஓடிவரும் வழியில் தூண் மாதிரி நின்று ஸ்க்ரீன் போட்டு, தன் ஆளுக்கு ஷாட் அடிக்க இடம் செய்து கொடுத்ததற்கு இல்லவே இல்லை. பெரிய போட்டிகளில் இதையெல்லாம் எழுதத் தனியாக ஆள் வைப்பார்கள். மாவட்ட அளவிலான போட்டிகளில் பெரும்பாலும் இந்த ஒரு ஷீட்தான் ஆவணம். எதிர் டீமின் உயரமான சென்டரை ஆறு நிமிடம் மல்லுக்கட்டி நிறுத்திவிட்டு வந்தவன் பெயருக்கு நேரே மிஞ்சுவது இரண்டு ஃபவுல் மட்டும். செய்த வேலைக்குக் கிடைத்த ஒரே பதிவு குற்றப்பத்திரிகை!

சரி, கோச் மாறினால் இதெல்லாம் மாறிவிடுமா? மாறும் என்பதற்கு போரிஸ் டியாவ் என்ற பிரெஞ்சுக்காரரைவிட நல்ல சாட்சி கிடையாது.

டியாவை 2003-இல் அட்லாண்டா ஹாக்ஸ் என்.பி.ஏ.வுக்குக் கொண்டு வந்தது. வெளியிலிருந்து ஆடும் கார்டாகவும் ஃபார்வர்டாகவும் அவரை வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஆடுபவன் தூரத்திலிருந்து ஷாட் அடிக்க வேண்டும். டியாவுக்கு ஷாட் அடிப்பதைவிட பாஸ் கொடுப்பதில்தான் ஆசை. விளைவு, 2004-05 சீசனில் மேட்சுக்குச் சராசரி 4.8 பாயின்ட். 2005-இல் ஜோ ஜான்சன் என்ற பெரிய ஆளை வாங்குவதற்காக, பேரத்தில் டியாவை பீனிக்ஸ் சன்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். கிட்டத்தட்ட காய்கறி வாங்கும்போது போடுகிற கொசுறு மாதிரி.

பீனிக்ஸில் கோச் மைக் டி'அன்டோனி. அந்த வருஷம் அவருடைய முக்கியமான உயரக்காரர் அமாரே ஸ்டௌடமையருக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆள் இல்லை. டி'அன்டோனி செய்தது ஒரே வேலைதான். கார்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த டியாவைத் தூக்கி சென்டரில் போட்டார். தன்னைவிட உயரமானவர்களோடு மோத வேண்டிய இடம், பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். டியாவைக் காவல் காக்க வரும் எதிர் டீம் சென்டர் உயரமானவன், ஆனால் மெதுவானவன். டியாவ் பந்தோடு வெளியே வந்தால் அவனும் பின்னாலேயே வர வேண்டும். கூடையின் அடியில் இடம் காலி. காலி இடத்துக்குள் ஓடுகிறவனுக்கு பாஸ் கொடுப்பதுதான் டியாவுக்குப் பிடித்த வேலையாயிற்றே! அந்த 2005-06 சீசனில் அவருடைய சராசரி 13.3 பாயின்ட், 6.9 ரீபவுண்ட், 6.2 அசிஸ்ட். லீக்கிலேயே அதிகம் முன்னேறிய வீரர் என்ற விருது அவருக்குத்தான். டீம் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை போனது.

ஒரு கோடை விடுமுறைக்குள் அவர் புதிய மனிதர் ஆகிவிட்டாரா என்ன? அதே கை, அதே பாஸ். நிற்கிற இடம் மாறியது.

இதற்கு எதிர்ச் சாட்சியும் அவரே. அடுத்த வருஷம் ஸ்டௌடமையர் திரும்பி வந்ததும் டியாவின் வேலை சுருங்கியது, பாயின்ட்டும் பத்துக்குக் கீழே போனது. 2008 டிசம்பரில் சார்லட் பாப்கேட்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே லாரி பிரௌன் கோச்சாக இருந்தவரை நன்றாகவே ஆடினார். அவர் போன பிறகு சரிவு. 2011-12 சீசனில் அந்த டீம் 66 மேட்சில் 7 மட்டும் ஜெயித்தது. டியாவ் குண்டாகிவிட்டார், சோம்பேறி ஆகிவிட்டார் என்று பேச்சு. (குண்டானது உண்மைதான், அதை மறைக்க முடியாது.) 2012 மார்ச்சில் அவரை டீமை விட்டே அனுப்பினார்கள்.

அவ்வளவு மோசமான டீமே வேண்டாம் என்று அனுப்பியவரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்துக்கொண்டது. கோச் கிரெக் போபோவிச். 2014 ஃபைனலில் மயாமி ஹீட்டோடு முதல் இரண்டு மேட்ச் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது மேட்சில் போபோவிச், ஸ்ப்ளிட்டரை வெளியே வைத்துவிட்டு டியாவை முதல் ஐந்தில் இறக்கினார். அதற்குப் பிறகு நடந்தது போட்டியே இல்லை. 111-92, 107-86, 104-87 என்று மூன்றும் ஸ்பர்ஸுக்கு. அந்த ஃபைனலில் டியாவின் பாயின்ட் சராசரி ஆறு சொச்சம்தான். பாயின்ட்டை மட்டும் பார்க்கிறவர்கள் 'சும்மா நிக்கிறான்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஃபைனலில் சிறந்த வீரர் விருது கவாய் லெனர்டுக்குப் போனது. அதில் தப்பில்லை. ஆனால் சீரிஸ் திரும்பிய இடம் எது என்று கேட்டால் பாஸ்கெட்பால் தெரிந்தவர்கள் இந்த மாற்றத்தைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, சேப்பாக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஆட்டம் வேறு, விஷயம் ஒன்றே.

ஷிவம் துபே. பெங்களூரில் இரண்டு சீசன், ராஜஸ்தானில் ஒரு சீசன் ஆடியபோது அவர் பேட்ஸ்மேனா, ஆல்ரவுண்டரா, ஃபினிஷரா என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். 2022-இல் சென்னை வாங்கியது. கோச் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் தோனியும் அவருக்குக் கொடுத்த வேலை குறுகலானது. நடு ஓவரில் போ, ஸ்பின்னரை நொறுக்கு. பவுலிங் பெரிதாக வேண்டாம். 2023-இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்ததும் பல மேட்சில் ஃபீல்டிங்கும் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்த சீசனில் 418 ரன், 35 சிக்ஸர், கையில் கோப்பை. அடுத்த வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய டீமிலும் அவர் இருந்தார். வேகப்பந்தில் வரும் ஷார்ட் பால் அவருக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஃபிளெமிங் அதைச் சரிசெய்து முடித்துவிட்டு அப்புறம் ஆட விடலாம் என்று காத்திருக்கவில்லை. அந்தக் குறை அதிகம் வெளியே தெரியாத ஓவர்களில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

ரஹானே கதை இன்னும் சுவாரஸ்யம். யாரும் சீண்டாமல் அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வந்தவர், 2023-இல் 326 ரன்னை 172 ஸ்ட்ரைக் ரேட்டில் அடித்தார். 'டெஸ்ட் பிளேயர்' என்று கிண்டல் செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் 2024-இல் அதே கோச், அதே மஞ்சள் சட்டை, ஸ்ட்ரைக் ரேட் 123. ஆக, கோச் மந்திரவாதி கிடையாது. பாதிக்கு மேல் அவர் கையில் என்றால் மீதி ஆட்டக்காரன் கையில், வயதின் கையில், கொஞ்சம் அதிர்ஷ்டத்தின் கையில். அந்த மீதியைக் காட்டி கோச்சின் பங்கை மறைப்பதுதான் பிரச்சினை.

இந்திய பாஸ்கெட்பாலிலேயே பாருங்கள். 2014 ஜூலை 14, சீனாவின் வூஹான் நகரம், ஆசியக் கோப்பை. இந்திய ஆண்கள் அணி சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று தோற்கடித்தது. சீனா தன் முழு பலத்தை இறக்கவில்லை என்று குறைத்துப் பேசுபவர்களும் உண்டு. இருக்கட்டும். அந்த 58 என்ற எண்ணைக் கவனியுங்கள். 40 நிமிடத்தில் ஒரு டீமை 58-இல் நிறுத்துவது ஒரு விசேஷ் பிருகுவன்ஷியாலோ ஒரு அம்ரித்பால் சிங்காலோ மட்டும் நடக்கிற காரியம் கிடையாது. பாயின்ட் ஒருவன் அடிக்கலாம். டிஃபென்ஸ் என்பது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்வது. ஒருவன் தூங்கினால் கதவு திறந்துவிடும். பெஞ்சிலிருந்து வருபவனுக்கும் தன் இடம் எது, உதவிக்கு எப்போது போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். அப்போது கோச் ஸ்காட் ஃபிளெமிங், 2012-இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கர். (சேப்பாக்கத்து ஃபிளெமிங்குக்குச் சொந்தக்காரர் இல்லை!) நம் பையன்களின் உயரம் அந்த இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே குறை சொல்வதற்கு முன்னால் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் விளையாட்டு சொல்லிக் கொடுப்பது என்பதே பழைய, பெருமையான தொழில். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். அவர் படித்துவிட்டு வந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான் 1891-இல் நெய்ஸ்மித் பாஸ்கெட்பாலையே கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கல்லூரி பி.டி. மாஸ்டர்களை உருவாக்கி வருகிறது. ஆனால் இன்றைக்கு ஒரு சாதாரண பள்ளியில் அந்த பி.டி. சார் ஒருவரே கபடி, வாலிபால், கோ-கோ, அத்லெடிக்ஸ், காலை பிரேயர், லேட்டாக வருகிறவனை கேட்டில் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எட்டாவது ஆளைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க அவருக்கு எங்கே நேரம்?

நேரம் இல்லாததால் வருவதுதான் இந்தப் பழக்கங்கள். உயரமாக இருந்தால் கூடைக்கு அடியில் நில், குட்டையாக இருந்தால் பந்தைத் தட்டிக்கொண்டு போ. ஒரு தப்பு செய்தால் வெளியே வா. வெளியே வந்தவனிடம் என்ன தப்பு என்று சொல்வதற்குப் பதில் எல்லோர் முன்னாலும் ஒரு கத்தல். திரும்ப எப்போது உள்ளே போவோம் என்று அவனுக்குத் தெரியாது, சாருக்கும் தெரியாது. நடுங்கிக்கொண்டே உள்ளே போகிறவன் ஷாட் அடிக்கிற இடத்தில் பாஸ் கொடுப்பான், பாஸ் கொடுக்கிற இடத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான். 'பாத்தியா, நான் சொல்லல?' என்று பெஞ்சில் ஒரு குரல் வரும். 'ஒரு மிஸ்ஸுக்கு எடுக்க மாட்டேன், நாலு நிமிஷம் உன்னுது, அந்த 11-ஆம் நம்பரை மட்டும் பந்து வாங்க விடாதே' என்று சொல்லி அனுப்பினால் அதே பையன் வேறு மாதிரி ஓடுவான். இதற்கு ஆகும் செலவு ஒரு பைசா கிடையாது.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு ஐடில் டைம் ஞாபகம் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கரண்ட் போய் லேத் மூன்று மணி நேரம் நின்றுவிட்டால், அந்த நஷ்டத்தை லேத்தில் நிற்கிற தொழிலாளியின் திறமைக் குறைவு என்று யாரும் எழுத மாட்டார்கள். அசாதாரண நேர இழப்பு என்று அதைத் தனியாகப் பிரித்து லாப நஷ்டக் கணக்கில் போடுவார்கள். ஏன் நின்றது என்ற கேள்வி மேனேஜ்மென்ட்டுக்குப் போகும். பாஸ்கெட்பால் கோர்ட்டில் மட்டும் மேனேஜ்மென்ட் செய்த நஷ்டம் முழுவதும் தொழிலாளி தலையில்.

அந்த நஷ்டம் கோப்பையோடு முடிந்தால் பரவாயில்லை. நம் ஊரில் பாஸ்கெட்பால் என்பது நிறைய பேருக்குப் படிப்பு, அதற்குப் பிறகு வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஃபீஸ் தள்ளுபடி, ஹாஸ்டல். அதைத் தாண்டினால் ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை. வீட்டில் முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் இந்தக் கதவு வழியாக வந்திருக்கிறார்கள். செலக்‌ஷன் ட்ரையல் என்றால் முன்பின் தெரியாத பத்துப் பேரை இரண்டாகப் பிரித்து ஆட விடுவார்கள். அங்கே எல்லோரும் தனக்குத்தான் ஷாட் அடிப்பார்கள், பாஸ் கொடுப்பவன் முட்டாள். ஸ்க்ரீன் போடுகிறவனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கவனிக்க வேண்டும் என்றால், கவனிக்கச் சொல்லி ஒரு காகிதமாவது கையில் இருக்க வேண்டும். பையன் கையில் இருப்பதோ சர்டிஃபிகேட்டும் 'மேட்சுக்கு 3 பாயின்ட்' என்ற பேச்சும்தான். மூன்று வருஷம் தப்பான இடத்தில் நிறுத்தப்பட்டவன் 21 வயதில் 'சரக்கு இல்லை' என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போகிறான். அவனை அங்கே நிறுத்திய கோச் அடுத்த பேட்ச்சுக்கு ட்ரையல் வைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காகிதத்தை உருவாக்குவது கஷ்டமே இல்லை. பிளஸ்-மைனஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவன் உள்ளே போகும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன, வித்தியாசம் எவ்வளவு. 20-24-இல் உள்ளே போய் 31-29-இல் வெளியே வந்தால், அவன் ஒரு பாயின்ட்கூட அடிக்காவிட்டாலும் பிளஸ் 6. மைக்கேல் லூயிஸ் 2009-இல் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் ஷேன் பேட்டியரைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்க இந்தக் கணக்கு பிரபலம். ஹூஸ்டனில் ஆடிய பேட்டியரின் சொந்த எண்களைப் பார்த்தால் கொட்டாவி வரும். அவர் கோர்ட்டில் நின்றால் மட்டும் டீம் ஜெயிக்கும்.

பிளஸ்-மைனஸிலும் ஓட்டை உண்டு. ஸ்டாரோடு சேர்ந்து ஆடுகிறவனுக்குச் சும்மா பிளஸ் விழும், ஒரு மேட்ச் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. ஆனால் ஒரு சீசன், 20 மேட்ச் எழுதி வைத்தால் ஏதோ தெரிய ஆரம்பிக்கும். யாரை யாரோடு சேர்த்து இறக்கினால் டீம் ஓடுகிறது என்று கோச்சுக்கே புரியும். கோச்சின் பெயரும் அதே நோட்டில் மறைமுகமாக ஏறிவிடும், அதனால் சில சார்களுக்குப் பிடிக்காமல் போகலாம் :-)

கம்ப்யூட்டர் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. எழுத ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. எந்த நேரமும் பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவன் பி.காம். படிக்கிறவனாகத்தான் இருப்பான்.